ஊசி மருந்தின் சேதாரக் கணக்கு

(நமது சங்கத்தின் ஆண்டு மகாசபையிற் செய்த சொற்பொழிவு)



இம்மகாசபையில் ஆண்டுதோறும் கல்வி நிதியைப் பற்றியும், மாணவர் விடுதியைப் பற்றியும், விவாகச் செலவைக் குறைப்பது பற்றியும் அறிஞர் பலர் பேசக் கேட்டு மகிழ்ந்துள்ளோம். இவ்வாண்டு நம் காரியதரிசி அவர்கள் எமக்கு வேறொரு விஷயத்தைப் பணித்தனர். “நம் பிள்ளைகளும் பெண்களும் மெடிக்கல் கோடிங் என்றும் பில்லிங் என்றும் சொல்லி இரவும் பகலும் உழைக்கின்றனர். அஃது என்ன தொழில் என்று பெற்றோர்க்கு விளங்கவில்லை. அதிலே நீதி அநீதி என்று ஏதேனும் உண்டா என்பதும் தெரியவில்லை. அதை விளக்குக” என்பது அவர்தம் கட்டளை. அத்தொழிலில் நெடுநாட் பழகியவர் என்னும் ஒரு காரணம் பற்றியே யாம் இங்கு நிற்கின்றோம்.

அத்தொழில் ஒரு பெருங்கடல். முழுதும் சொல்லப் புகுந்தால் இன்றைப் பொழுது போதாது. ஆதலின் அதனுள் ஒரு சிறு துறையை மட்டும் எடுத்துக் கொள்வோம். ஊசி வழியாகச் செலுத்தும் மருந்துக்குக் கணக்கெழுதுவது எங்ஙனம், குப்பியில் எஞ்சி எறியப்படும் மருந்துக்கு விலை கொடுப்பவர் யாவர் என்பதே அது. இச்சிறு துறையை அறிந்தால் அத்தொழிலின் தருமம் முழுவதும் விளங்கும்.

நம் குலத்தார் கணக்கெழுதுவதிற் பெயர் பெற்றவர். நாளேடும் பேரேடும் ஐந்தொகையும் நம் பாட்டன்மாரின் கைப்பழக்கம். இன்று சென்னையிலும் கோயமுத்தூரிலும் திருச்சிராப்பள்ளியிலும் நம் வீட்டு இளைஞர் கணிப்பொறியின் முன் அமர்ந்து எழுதுவதும் கணக்கே. ஆயின் அது கடல் கடந்த அமெரிக்க ஐக்கிய நாட்டு நோயாளிகளின் கணக்கு. அந்நாட்டில் வைத்தியச் செலவைப் பெரும்பாலும் இன்ஷூரன்ஸ் கம்பெனிகளோ அரசாங்கமோ கொடுக்கின்றன. 65 வயது நிரம்பியவர்க்கும் உடற்குறை உடையார் சிலர்க்கும் 1965-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஏற்பட்ட மெடிகேர் என்னும் அரசாங்க நிதி கொடுக்கின்றது. டாக்டர் செய்த சிகிச்சையை வாக்கியமாக எழுதி அனுப்பினால் அவர்கள் ஏற்பதில்லை. ஒவ்வொரு செயலுக்கும் ஒவ்வொரு மருந்துக்கும் ஒரு குறியீட்டெண் உண்டு. டாக்டரும் நர்ஸும் எழுதிய குறிப்பைப் படித்து, அதற்குரிய எண்ணைத் தேர்ந்தெழுதுவதே நம் பிள்ளைகள் செய்யும் தொழில்.

தாய்மார்களுக்கு இதனை எளிதில் விளக்க ஓர் உவமை உண்டு. நகைக்கடையிற் சங்கிலி வாங்கினால் சீட்டில் மூன்று தொகை இருக்கும். பொன்னின் விலை ஒன்று, செய்கூலி ஒன்று, சேதாரம் ஒன்று. ஊசி மருந்தின் சீட்டும் அவ்வாறே. மருந்தின் விலைக்கு ஒரு குறியீடு. அதை உடலிற் செலுத்திய வேலைக்கு வேறொரு குறியீடு. அது செய்கூலி போன்றது. குப்பியில் எஞ்சி எறியப்பட்டதற்கு ஓர் அடையாளம், அதுவே சேதாரம். பொன்னின் விலையை எல்லோரும் விசாரிக்கின்றோம். செய்கூலியைப் பேசிக் குறைக்கின்றோம். சேதாரத்தை மட்டும் கடைக்காரர் சொன்னபடி ஒப்புக்கொண்டு வருகின்றோம் அன்றோ? அமெரிக்காவிலும் நெடுங்காலம் அப்படியே நடந்தது.

இனிக் கணக்கினுட் புகுவோம். டாக்டர் முன்னிலையிற் செலுத்தும் ஊசி மருந்துகளிற் பெரும்பாலானவற்றுக்கு ‘ஜே’ என்னும் எழுத்தும் அதன்பின் நான்கு இலக்கமும் கொண்ட குறியீடு உண்டு. இத்தொகுதியை நம் இளைஞர் ‘ஹிக்பிக்ஸ்’ என்று வழங்குவர். ஒவ்வொரு குறியீட்டுக்கும் ஓர் அலகு விதிக்கப்பட்டுள்ளது. போர்டெசோமிப் என்பது எலும்பு மச்சையில் உண்டாகும் ஒருவகைப் புற்றுநோய்க்கு உரிய மருந்து. அதன் குறியீடு ஜே 9041, அலகு 0.1 மில்லிகிராம். அமெரிக்காவில் அம்மருந்து நெடுங்காலம் 3.5 மில்லிகிராம் கொண்ட ஒரே அளவுக் குப்பியில் விற்கப்பட்டது. ஆதலின் ஒரு குப்பி 35 அலகாகும்.

அம்மருந்தை உடற்பரப்பு ஒரு சதுர மீட்டருக்கு 1.3 மில்லிகிராம் என்னும் வீதம் கொடுப்பர். உடற்பரப்பு 2 சதுர மீட்டர் உடைய ஒருவர்க்கு வேண்டுவது 2.6 மில்லிகிராம், அதாவது 26 அலகு. மிச்சம் 9 அலகு எறியப்படும். இதை எழுதுபவர் இரண்டு வரியாக எழுதவேண்டும். முதல் வரியில் ஜே 9041, 26 அலகு. இரண்டாம் வரியில் அதே குறியீடு, அதனுடன் ‘ஜே.டபிள்யூ’ என்னும் ஈரெழுத்து, 9 அலகு. அவ்வீரெழுத்தின் பொருள், “இவ்வளவு மருந்து ஒருவர்க்கும் செலுத்தப்படாமல் எறியப்பட்டது” என்பதே. சிறிதும் எஞ்சாமல் முழுதும் செலுத்தப்பட்டிருப்பின் ‘ஜே.இஸட்’ என்னும் வேறோர் ஈரெழுத்தை இடவேண்டும். அதன் பொருள், “எறிந்தது ஒன்றுமில்லை” என்பது.

மிச்சத்தை எறிவானேன், அடுத்த நோயாளிக்குக் கொடுக்கலாகாதோ என்று தாய்மார்கள் கேட்பீர்கள். எஞ்சிய மாவைத் தோசையாக்கும் நம் வீட்டு வழக்கத்துக்கு இக்கேள்வி இயல்பானதே. ஆனால் ஒருவர்க்கென்று அடைக்கப்பட்ட குப்பிகளிற் பெரும்பாலானவற்றில் கிருமி வளராமற் காக்கும் சரக்கு சேர்ப்பதில்லை. மூடியை ஒருமுறை ஊசி துளைத்தபின் கிருமி புகுமாயின் அது தடையின்றிப் பெருகும். 2008-ஆம் ஆண்டில் நெவாடா மாகாணத்து லாஸ் வேகாஸ் நகரில் வெளிப்பட்டதைக் கேளுங்கள். மயக்க மருந்துக் குப்பியின் மிச்சத்தை அடுத்தவர்க்குப் பயன்படுத்தியதாலும், பயன்படுத்திய சிரிஞ்சையே அக்குப்பியில் மீண்டும் இட்டதாலும், ஹெபடைடிஸ் சி என்னும் ஈரல் நோய் பலர்க்குப் பரவியது. 40,000 பேருக்கு மேற்பட்டோர் இரத்தப் பரிசோதனை செய்து கொள்ளுமாறு அறிவிக்கப்பட்டனர். சில காசு மிச்சம் பிடிக்கப் போய் நேர்ந்த கேடு அது. ஆதலின் எறிவது குற்றமன்று. பல வேளைகளில் அதுவே கடமை. தூய காற்று செலுத்தும் தனி அறையில், மருந்து கலக்கும் விதிகளை வழுவாது, குறித்த நேரத்துக்குள் ஒரு குப்பியை இருவர்க்குப் பகிர்வதும் உண்டு. சிறிய மருத்துவ நிலையங்களுக்கு அவ்வசதி அரிது.

எறிவது குற்றமன்றாயின் இதில் வழக்கு யாது? எறிந்ததற்கு விலை கொடுப்பவர் யாவர் என்பதே வழக்கு.

மெடிகேர் நிதியின் இரண்டாம் பகுதி, டாக்டர் செலுத்தும் மருந்துக்கு நூற்றுக்கு 80 கொடுக்கும். 20 நோயாளியின் பங்கு. தனியே துணை இன்ஷூரன்ஸ் உள்ளவர்க்கு அச்சுமை குறையும். இல்லாதவர்க்கு முழுதும் தலைமேல் விழும். ஓர் அலகின் விலை 10 டாலர் என்று பேச்சுக்கு வைத்துக் கொள்வோம். மேற்கூறிய குப்பிக்கு 350 டாலர். நோயாளியின் பங்கு 70 டாலர். அதில் 18 டாலர், அவர் உடலிற் புகாமலே குப்பைத் தொட்டியில் வீழ்ந்த மருந்துக்கு உரியது. நோயுற்று வருமானம் இழந்த ஒருவர் தாம் பெறாத மருந்துக்கும் காசு கொடுக்கின்றார். இஃது ஒருமுறையோடு நிற்பதன்று. மருந்து வாரந்தோறும் செலுத்தப்படுமாயின் வாரந்தோறும் கொடுக்கின்றார்.

மற்றொன்றும் கேளுங்கள். 2003-ஆம் ஆண்டுச் சட்டப்படி 2005 முதல் இம்மருந்துகளுக்குச் சராசரி விற்பனை விலையோடு நூற்றுக்கு 6 சேர்த்து மருத்துவ நிலையத்துக்குக் கொடுப்பது விதியாயிற்று. அவ்வாறும் எறிந்த மருந்துக்கும் சேர்த்தே கணக்கிடப்படும். குப்பி பெரிதானால் மருந்துக் கம்பெனிக்கு விற்பனை பெருகும். எறிவது பெருகினாலும் மருத்துவ நிலையத்துக்கு நட்டமில்லை. நட்டமெல்லாம் நிதிக்கும் நோயாளிக்குமே.

குப்பியின் அளவை நிச்சயிப்பவர் யாவர்? கம்பெனியார். இதற்கு ஓர் உதாரணம் சொல்வோம். பெம்ப்ரோலிசுமாப் என்னும் மருந்து 2014-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தபோது 50 மில்லிகிராம் குப்பியில் வந்தது. அப்போது உடல் எடை ஒரு கிலோவுக்கு 2 மில்லிகிராம் கொடுப்பது முறை. 70 கிலோ எடையுள்ளவர்க்கு 140 மில்லிகிராம் வேண்டும். 50-இல் மூன்று குப்பி உடைத்தால் எஞ்சுவது 10. அடுத்த ஆண்டில் அந்நாட்டில் அக்குப்பிக்குப் பதிலாக 100 மில்லிகிராம் குப்பி வந்தது. 100-இல் இரண்டு உடைத்தால் எஞ்சுவது 60. நோயாளி அவரே, நோய் அதுவே, மருந்தும் அதுவே; சேதாரம் மட்டும் ஆறு மடங்கு. பின்னர் அம்மருந்தை எடை நோக்காது எல்லோர்க்கும் ஒரே அளவாக 200 மில்லிகிராம் கொடுக்கும் முறை வந்தது. இப்போது குப்பியில் எஞ்சுவதில்லை. ஆனால் அதே 70 கிலோ மனிதர் 140-க்குப் பதில் 200 பெறுகின்றார். சேதாரம் ஒழிந்ததா, உடலுக்குள் அனுப்பப்பட்டதா என்று வினவும் மருத்துவரும் உளர். போர்டெசோமிப் பிரிட்டனில் 1 மில்லிகிராம் சிறு குப்பியிலும் கிடைத்தது. சிறு குப்பி செய்வது இயலாத காரியம் அன்று என்பதற்கு இது சான்று.

2016-ஆம் ஆண்டில் பீட்டர் பாக் என்னும் அமெரிக்க மருத்துவரும் அவர்தம் துணைவரும் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் என்னும் பத்திரிகையில் ஒரு கணக்கை வெளியிட்டனர். புற்றுநோய் மருந்துகளில் இருபதை மட்டும் எடுத்துப் பார்த்து, எறியப்படும் மிச்சத்துக்காக ஓராண்டில் ஏறக்குறைய 180 கோடி டாலர் செலவாகும் என்று மதிப்பிட்டனர். சேதாரத்தின் அளவு அன்றுதான் பலர் கண்ணுக்குப் பட்டது.

அதன்பின் விதிகள் ஒவ்வொன்றாய் இறுகின. முன்னரே இருந்த ஜே.டபிள்யூ அடையாளத்தை இடுவதும் விடுவதும் இடத்துக்கு இடம் வேறுபட்டிருந்தது. 2017 ஜனவரி 1 முதல் மெடிகேர் கணக்குகளில் அது கட்டாயமாயிற்று. 2021 நவம்பரில் இயற்றப்பட்ட ஒரு பெருஞ்சட்டம், பாலங்களும் சாலைகளும் அமைப்பதற்காகவே பெரும்பாலும் எழுதப்பட்டது. அதனுள் இச்சேதாரத்தைப் பற்றியும் ஒரு பிரிவு இடம்பெற்றது. ஒருவர்க்கென்று அடைத்த குப்பியில் ஒரு கம்பெனியே உரிமை கொண்டு விற்கும் மருந்தில், ஒரு காலாண்டின் மொத்தத் தொகையில் நூற்றுக்கு 10-க்கு மேல் எறியப்பட்டிருப்பின், மிகுதிப்பட்ட பங்கின் விலையைக் கம்பெனியே திருப்பித் தரவேண்டும் என்பது அது. 2023 ஜனவரி 1 முதல் எறியப்பட்ட மருந்துக்கு இது பொருந்தும். நூறு டாலருக்கு 26 டாலர் மருந்து எறியப்பட்டதாயின் 16 டாலர் திரும்பும். வடிகட்டியே செலுத்தவேண்டிய மருந்து முதலிய சிலவற்றுக்கு விலக்கு உண்டு. திரும்பும் பணம் மெடிகேர் நிதியிற் சேரும். நோயாளி முன்னர்க் கொடுத்த பங்கு அவர் கைக்கு மீள்வதில்லை. அந்தக் குறை இன்னும் தீரவில்லை. எனினும் பெரிய குப்பியால் வந்த ஊதியம் குறையுமாயின் சிறிய குப்பி வரும் என்பது சட்டம் செய்தோர் கருத்து.

இவ்வளவும் எதன்மேல் நிற்கின்றது என்று சிந்தியுங்கள். எறியப்பட்ட அளவை அரசாங்கம் எப்படி அறியும்? கணக்கில் ஜே.டபிள்யூ என்று எழுதிய வரிகளைக் கூட்டியே அறியும். அவ்வடையாளம் இல்லாவிட்டால் எறிந்தது ஒன்றுமில்லை என்று கொள்வதா, எழுத மறந்தனர் என்று கொள்வதா என்னும் ஐயம் இருந்தது. அதைப் போக்கவே 2023 ஜூலை 1 முதல் ஜே.இஸட் என்பதும் கட்டாயமாயிற்று. அவ்வாண்டு அக்டோபர் முதல், இரண்டில் ஒன்று இல்லாத கணக்கு திருப்பி அனுப்பப்படும். ஆகவே ஒரு பெருங்கம்பெனி கோடிக்கணக்கில் திருப்பித் தருவதும் தராததும், சென்னையில் ஒரு மேசையில் நம் பிள்ளை இடும் ஈரெழுத்துகளின் தொகையாற் கட்டுண்டு கிடக்கின்றது.

இங்கேதான் சோதனை வருகின்றது. இவ்வேலைக்கு நாளொன்றுக்கு இத்தனை கணக்கு முடிக்கவேண்டும் என்று எண்ணிக்கை உண்டு. இரண்டில் ஒன்றை இட்டாற் கணக்கு கடந்து போகும். குறிப்பைத் தேடிப் படிக்கச் சில நிமிடமாகும், ஜே.இஸட் இடுவதற்கு ஒரு நொடி போதும்.

நம் குலத்துப் பெண் ஒருத்தி சென்ற ஆண்டு எம்மிடம் வந்தாள். “பெரியப்பா, ஒரு நோயாளிக்கு பெவாசிசுமாப் 340 மில்லிகிராம் செலுத்தியதாக நர்ஸ் எழுதியிருக்கிறார். எந்தக் குப்பி உடைத்தார், எவ்வளவு எறிந்தார் என்று எழுதவில்லை. அம்மருந்து 100, 400 என்னும் இரண்டு அளவில்தான் வருகிறது. எப்படிக் கூட்டினாலும் 340 வராது. மேலதிகாரியோ ஜே.இஸட் போட்டு அனுப்பிவிடு என்கிறார். நான் என்ன செய்யட்டும்?” என்றாள்.

“60 எஞ்சியிருக்கும் என்று உனக்கே தெரிகிறதே, ஜே.டபிள்யூ இட்டு 6 அலகு எழுதலாகாதா?” என்று யாம் அவளைச் சோதிப்பதற்காகக் கேட்டோம்.

“அந்த 60-ஐ வேறொருவர்க்குப் பகிர்ந்திருந்தால் என்ன செய்வது பெரியப்பா? அவர் கணக்கிலும் அது ஏறியிருக்கும். ஒரே மருந்துக்கு இரண்டு விலை ஆகிவிடாதா?” என்றாள்.

எமக்குக் கற்பிக்க ஒன்றும் இல்லை என்று அப்போதே அறிந்தோம். அவள் கணக்கை நிறுத்திவைத்து, மருத்துவ நிலையத்துக்குக் கேள்வி எழுதி அனுப்பினாள். சில நாட் கழித்து விடை வந்தது: 400 மில்லிகிராம் குப்பி ஒன்று உடைத்து, எஞ்சிய 60 எறியப்பட்டது. முதல் வரி 34 அலகும், ஜே.டபிள்யூ வரி 6 அலகுமாக அவள் எழுதி முடித்தாள். இத்தகைய கேள்விகள் பல எழுதியதால் அவள் எண்ணிக்கை குறைந்தது. அத்திங்கள் அவளுக்கு ஊக்கத்தொகை இல்லை. “மற்றப் பெண்களுக்கு வந்தது, இவளுக்கு மட்டும் வரவில்லை” என்று அவள் தாயார் எம்மிடம் குறைப்பட்டார். அம்மையார் இன்று இச்சபையில் இருக்கக் கூடும். அவருக்கு அன்று சொல்லாத விடையை இன்று சொல்கின்றோம். அம்மா! தங்கள் மகள் ஜே.இஸட் இட்டிருந்தால் கம்பெனி தரவேண்டிய பணத்தில் ஒரு பங்கு மறைந்திருக்கும். மருத்துவ நிலையமும் தனக்குரிய 6 அலகின் விலையை இழந்திருக்கும். ஆராயாமல் ஜே.டபிள்யூ இட்டு அது பொய்யாயிருந்தால், முகமறியாத ஒரு நோயாளி தாம் கொடுக்க வேண்டாத காசைக் கொடுத்திருப்பார். இரண்டும் நேராமற் காத்தது தங்கள் மகள் இழந்த ஊக்கத்தொகை.

இத்தொழிலில் உள்ள இளைஞர்க்குச் சில சொல்வோம்.

முதலாவது, அலகைப் பாராமல் எண்ணை எழுதாதீர்கள். ரிடுக்ஸிமாப் என்னும் மருந்தின் அலகு 2018 முடிய 100 மில்லிகிராம். 2019 ஜனவரி 1 முதற் புதிய குறியீட்டில் 10 மில்லிகிராம். பழைய நினைவில் எழுதியவர் பத்தில் ஒரு பங்கே கேட்டிருப்பார். இவ்வாறே அலகை மாற்றி உணர்ந்தால் பத்து மடங்கு கேட்பதும் நேரும்.

இரண்டாவது, கொசுறுக்கு விலை கேட்காதீர்கள். குப்பியின் மேல் எழுதிய அளவுக்குச் சற்று மிகுதியாகவே உள்ளே மருந்து அடைப்பர். அம்மிகுதி செலுத்தப்பட்டாலும் எறியப்பட்டாலும் கணக்கில் ஏறாது.

மூன்றாவது, பலர்க்குப் பயன்படும் குப்பிக்குச் சேதாரம் கேட்பதற்கில்லை. ஜே.டபிள்யூ என்பது ஒருவர்க்கென்று அடைத்த குப்பிக்கே உரியது.

நான்காவது, ஓர் அலகுக்கு உட்பட்ட மிச்சத்துக்குத் தனி வரி எழுதாதீர்கள். அலகு 10 மில்லிகிராமாக, 7 செலுத்தி 3 எறிந்தால், முழு அலகின் விலை முதல் வரியிலேயே வந்துவிட்டது. மீண்டும் கேட்பது இருமுறை கேட்பதாகும்.

ஐந்தாவது, குறிப்பில் இல்லாததைக் கணக்கில் எழுதாதீர்கள். எத்துணைத் தெளிவான ஊகமாயினும் அது சான்று ஆகாது. அந்நாட்டில் அரசாங்கத்தை ஏமாற்றும் பொய்க் கணக்குக்கு 1863-ஆம் ஆண்டு முதலே ஒரு சட்டம் உண்டு. உள்நாட்டுப் போரில் படைக்குப் பொருள் விற்றோர் செய்த வஞ்சனையைத் தடுக்கப் பிறந்தது அது. இன்று வைத்தியக் கணக்குக்கும் அதுவே காவல். நட்டத்தில் மூன்று மடங்கும், பொய்க் கணக்கு ஒவ்வொன்றுக்கும் தனி அபராதமும் அதன் தண்டனை. தண்டனைக்கு அஞ்சி அன்று, நம் பாட்டன்மார் பேரேட்டில் அடித்தல் திருத்தல் இன்றி எழுதிய பெயருக்கு அஞ்சி நேரே எழுதுங்கள்.

பெற்றோர்களுக்கும் ஒரு விண்ணப்பம். பிள்ளை வேலையிலிருந்து வந்ததும் சம்பளம் எவ்வளவு, ஊக்கத்தொகை எவ்வளவு என்று கேட்கின்றோம். தவறன்று. அதனோடு, “இன்று ஐயம் வந்த கணக்கு ஏதேனும் உண்டா? அதை என்ன செய்தாய்?” என்றும் ஒரு நாள் கேட்டுப் பாருங்கள். நேர்மையாக எழுதியதால் வருமானம் குறைந்த பிள்ளை வீட்டிலும் ஏச்சுக் கேட்குமாயின், அடுத்த திங்களில் அதன் கை தானே ஜே.இஸட் இடக் கற்றுக்கொள்ளும். நம் சங்கத்தாரும் இத்தொழிலில் மூத்தவர் சிலரை ஒன்றுகூட்டி, ஐயம் வந்த இளைஞர் மாதம் ஒருமுறை வந்து கேட்க இடம் செய்தால் நலமாகும். நோயாளியின் பெயரும் விவரமும் வெளியிடாமல், விதியை மட்டும் பேசும் கூட்டமாக அது இருத்தல் வேண்டும்.

ஒன்று சொல்லி முடிப்போம். சேதாரம் எத்தொழிலிலும் உண்டு. பொற்கொல்லன் உலையிலும் உண்டு, தையற்காரன் கத்தரியிலும் உண்டு, நம் அடுப்பங்கரையிலும் உண்டு. அதை முற்றும் ஒழிக்க மனிதரால் இயலாது. சேதாரம் இவ்வளவு என்று உள்ளபடி எழுதிவைக்க இயலும். எழுதியதைக் கண்டே சட்டம் பிறந்தது. எழுதியதைக் கண்டே குப்பி சிறியதாகும். குப்பி சிறியதானால், நம் முகமும் அறியாத நம் மொழியும் அறியாத ஒரு முதியவர், தாம் பெறாத மருந்துக்குக் கொடுக்கும் காசு குறையும். அவர் நமக்கு நன்றி சொல்லப் போவதில்லை; நாம் இருப்பதையே அறியமாட்டார். எனினும் கணக்கு எழுதும் குலத்தில் வந்தவர் அவருக்குக் கடமைப்பட்டவரே.